கீழ்வீட்டு இல்டர்கள் தின்றதும் தின்னாததும்

என் கீழ்வீட்டை வாடகைக்குப் பார்க்க வந்த தம்பதி முதலில் செய்த வேலை சமையலறையை முகர்ந்து பார்த்ததுதான். வெயில் எந்தப் பக்கம் வரும், பனிக்காலத்தில் சூடு போதுமா என்று ஒரு கேள்வியும் இல்லை. கணவன் அடுப்புக்கு மேலிருந்த காற்றுறிஞ்சியின் அடியில் மூக்கை நீட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"இங்க முன்னாடி ஃபிஷ் எல்லாம் குக் பண்ணியிருக்காங்களா, மேடம்?"

ஒஸ்லோவில் மீன் சமைக்காத சமையலறை வேண்டுமென்றால் புதிதாகத்தான் கட்ட வேண்டும். "ஓம், சமைச்சிருக்கு. நானே சமைச்சனான்" என்றேன். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அவன் சன்னலைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் யோசித்தான். ட்வெய்ட்டா நிலையத்துக்கு ஏழு நிமிட நடை என்பதால் மீன் நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள முடிவு செய்தான்.

அவனுக்கு முப்பது வயது இருக்கும். சென்னையிலிருந்து மென்பொருள் வேலைக்கு வந்தவன். அவள் அவனைவிட இரண்டு மூன்று வயது இளையவள். மனைவி என்ற விசாவில் வந்து, பகல் முழுவதும் கீழே சும்மா இருந்தாள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அப்போது பதினெட்டு வருடங்களாகியிருந்தன. ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. எண்பது பேருடைய வயிறுகள் எனக்கு மனப்பாடம். யாருக்குப் பால் ஆகாது, யாருக்குக் கோதுமை ஆகாது, யாருக்குப் பல்லில்லாமல் எல்லாவற்றையும் அரைத்துக் கொடுக்க வேண்டும் என்று பட்டியல் பார்க்காமலே சொல்வேன். அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது. பகலெல்லாம் சும்மா இருக்கிறவர்கள்மேல் இளக்காரமும் அதே அளவு இருந்தது.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அவர்கள் இருவரும் ஒரு பெரிய கம்பிக்கூட்டைப் பனியில் இழுத்துக்கொண்டு வந்தார்கள். உள்ளே ஒரு போர்வைக் குவியல். குவியலுக்குள்ளிருந்து வெள்ளையாக ஒன்றும் மண்ணிறமாக ஒன்றும் தலையை நீட்டின. கீரியை யாரோ இரண்டு முனையிலும் பிடித்து இழுத்துவிட்டது போன்ற நீளம். மூக்கைத் துளைக்கும் ஒரு வாடை.

"ஃபெரெட், மேடம். லில்லெஸ்ட்ரோம்ல ஒரு ஆபீஸ் ஃபிரண்ட் வெளிநாடு போறா. நாங்க அடாப்ட் பண்ணிக்கிட்டோம்."

நோர்வேக்காரர் இதை இல்டர் என்பார்கள். எனக்குத் தெரிந்த பெயரும் அதுதான். "என்ன தின்னும்?" என்று கேட்டேன்.

"எல்லாம் சாப்பிடும், மேடம்" என்றான், நாலைந்து இல்டர் வளர்த்துப் பேரெடுத்தவன் போல.

வளர்ப்புப் பிராணிகள் மேல் எனக்கு அன்றைக்கும் மதிப்பில்லை, இன்றைக்கும் இல்லை. பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தாலாவது ஒரு காரணம் சொல்லலாம். வளர்ந்த இரண்டு பேர், மீன் வாடைக்கு மூக்கைச் சுளித்தவர்கள், ஊர் நாறும் மிருகத்தைக் கூட்டில் வைத்துக் கொஞ்சுவதை என்னவென்று சொல்வது! மேலே என் வீட்டுக்கு ஏறும் படியை மூடும் கதவின் கீழ் ஒரு பழைய துவாயைச் சுருட்டி வைத்தேன்.

மூன்று கிழமையில் துவாய் உதவாமல் போனது. வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு நின்றேன். கீழேயிருந்து வந்த நாற்றம் பழைய நாற்றமல்ல. முதியோர் இல்லத்தில் அந்த நாற்றத்துக்கு நாங்கள் உடனே தாதியைக் கூப்பிடுவோம். அந்த நேரம் அவளும் படியேறி வந்தாள்.

"அக்கா, ஒரு நிமிஷம் கீழ வர்றீங்களா? ரெண்டுக்கும் வயிறு சரியில்ல."

கூட்டின் தரையெல்லாம் பச்சைத் தண்ணீராய்க் கழிந்திருந்தது. மண்ணிறம் போர்வைக்குள் கிடந்தது. வெள்ளை மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. நடுவில் ஒரு எவர்சில்வர் கிண்ணம். கிண்ணத்தில் தயிர்சாதம்.

"ஆர் இதுகளுக்குச் சோறு குடுக்கச் சொன்னது?"

அவன் கணினியை விட்டு எழுந்து வந்தான். "வயிறு சரியில்லன்னா தயிர்சாதம்தானே மேடம் குடுப்போம்?"

"அதுக்கு முதல் என்ன குடுத்தனீங்கள்?"

பால், வாழைப்பழம், பிஸ்கட், உலர்திராட்சை. உலர்திராட்சை என்றால் இரண்டும் காலில் ஏறுமாம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பூரிப்பு. முன்பு வளர்த்த லில்லெஸ்ட்ரோம்காரி ஒரு மூட்டை உலர்தீனியும் கொடுத்துவிட்டிருந்தாள். அதன் பின்பக்கத்தில் கோழி என்று எழுதியிருந்ததை அவன் அகராதி பார்த்துக் கண்டுபிடித்து, மூட்டையோடு தூக்கிக் குப்பையில் போட்டிருந்தான்.

"வீட்டுக்குள்ள அது வேண்டாமேன்னுதான். பழக்கினா எல்லாம் பழகிடும், மேடம். எங்க ஆபீஸ்ல ஒருத்தரோட நாய் ப்யூர் வெஜ்."

குளிர்சாதனப்பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்த இரண்டு பக்கக் கடிதம் அப்போதுதான் கண்ணில் பட்டது. லில்லெஸ்ட்ரோம்காரி நோர்வே மொழியில் கையால் எழுதிக் கொடுத்தது. மூன்று கிழமையாக அங்கேதான் தொங்கியிருக்கிறது. மேலே மொழி தெரிந்த ஒருத்தி இருந்தும் இருவரும் கேட்கவில்லை. அவளுக்கு வெட்கம். அவனுக்கு, முதியோர் இல்லத்தில் கஞ்சி காய்ச்சுகிறவளிடம் கேட்க என்ன இருக்கிறது என்ற எண்ணம். அதை அவன் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

கடிதத்தை எடுத்து நின்றபடியே தமிழில் வாசித்தேன். இதன் குடல் மிகக் குட்டை. தின்றது மூன்று நான்கு மணித்தியாலத்தில் வெளியே வந்துவிடும். தானியமும் பழமும் சீனியும் செமிக்காது. பால் கொடுக்கவே கூடாது. குட்டியில் எதைத் தின்று பழகியதோ அதைத்தான் உணவென்று நினைக்கும். மாற்றுவதென்றால் பழையதோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கிழமைக் கணக்கில் மாற்ற வேண்டும். றப்பரைக் கண்டால் விடாது, கடித்து விழுங்கும், செருப்பு, ரிமோட், குளியல்தொட்டி அடைப்பான் எதுவும் எட்டக்கூடாது. இன்னும் நாலைந்து வரி இருந்தது. மிருகத்துக்கு விரலால் ஊட்டுவது பற்றிய கூத்து என்று பார்த்தவுடனே தெரிந்தது, விட்டுவிட்டேன்.

அவள் ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தாள்.

"சுருக்கமாச் சொன்னால், இது மச்சம் மட்டும்தான் தின்னும்" என்றேன்.

அவன் தன் கையைத் திருப்பிப் பார்த்தான். அவர்கள் ஊரில் மச்சம் என்றால் தோலில் இருக்கும் புள்ளி. எங்களுக்கு மீனும் இறைச்சியும். விளக்கிச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"அப்ப நீங்க ஹெல்ப் பண்ண முடியுமா, மேடம்? நீங்க எல்லாம் சாப்பிடுவீங்கள்ல?"

நான் எல்லாவற்றையும் சாப்பிடுவேன் என்கிறானா, நாங்கள் எல்லாரும் அப்படித்தான் என்கிறானா என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை நாங்களும் மச்சம் தொடமாட்டோம் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, இவனுக்கு நான் ஏன் கணக்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன். "ஓம், நான் பாக்கிறன்" என்றேன். இரக்கத்தால் சொல்லவில்லை. இவர்களுக்கு ஒரு பாடம் காட்டலாம் என்ற ஆசையால் சொன்னேன்.

மூட்டைத்தீனி வாங்குவது விளங்காதவர்கள் செய்யும் வேலை என்று தீர்மானித்தேன். நல்ல கோழியை வாங்கி, உப்புப் போடாமல் அவித்து, எலும்பு நீக்கி, நாராகப் பிய்த்து, மறுநாள் காலை கீழே ஒரு தட்டில் வைத்தேன். இல்லத்தில் ஒரு முதியவருக்கு அப்படிக் கொடுத்தால் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார். இல்டர்கள் வந்து முகர்ந்தன. வெள்ளை தட்டைப் பின்னங்காலால் தள்ளியது. மண்ணிறம் போய்ப் படுத்துக்கொண்டது.

"சாப்பிடலையேக்கா" என்றாள் அவள்.

"பசிச்சால் தின்னும். வேறை ஒண்டும் குடுக்காதையும்."

அப்படிச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். பின்னேரம் நாலரைக்கு வந்து பார்த்தபோது கோழி அப்படியே காய்ந்து கிடந்தது. மண்ணிறம் அவள் மடியில் பிழிந்த துணி மாதிரித் தொங்கியது. பின்னங்கால் இரண்டும் இழுபட்டன. கண் பாதி மூடியிருந்தது. அவள் அழுதிருந்தாள். அழுது முடித்துமிருந்தாள்.

"அந்தக் கடுதாசில நீங்க வாசிக்காம விட்டதை நான் அகராதிய வச்சுப் பாத்தேன்கா. சாப்பிடாம நாலஞ்சு மணி நேரத்துக்கு மேல விடக்கூடாதாம். தீனிய ஊறவச்சு, சிக்கன் வேகவச்ச தண்ணில குழைச்சு, விரல்ல தொட்டு வாயில வைக்கணுமாம்."

கணவனை வேலையிலிருந்து கூப்பிட்டு, ட்வெய்ட்டா கடைத்தொகுதியிலிருந்து பழைய மூட்டையைப் போன்ற ஒன்றை வாங்கிவரச் செய்திருந்தாள். நான் மேலே போய்க் கோழி அவித்த தண்ணீரைக் கொண்டுவந்தேன். அவள் தீனியை உரலில் இடித்து அதில் குழைத்தாள். கிண்ணத்துக்கு மேல் அவள் விரல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு விரலை உள்ளே விட்டாள்.

முதலில் மண்ணிறம் வாயைத் திறக்கவில்லை. உதட்டில் தடவினாள். மூன்றாம் தரம் ஒரு சின்ன நாக்கு வெளியே வந்து விரலை நக்கியது. பிறகு நிறுத்தவில்லை. அவன் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு கதவடியில் நின்று, "போதும், போதும், கைய வாஷ் பண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு கோழித்தண்ணீர் என் சமையலறையில் கொதித்தது. அவளே ஏறி வந்து பக்கத்தில் நின்று கிண்டுவாள். தீனியில் நான் பிய்த்த கோழியை முதல் கிழமை ஒரு நார், அடுத்த கிழமை இரண்டு என்று கலந்தாள். வயிறு கொஞ்சம் இளகினால் ஒரு நார் குறைப்பாள். எல்லாம் கொப்பியில் எழுதினாள். எண்பது வயிறுகளைத் தெரிந்த எனக்கு அந்தப் பொறுமை இருந்ததில்லை. இல்லத்தில் யாராவது தட்டைத் தள்ளினால், முகத்தைத் தூக்கிக்கொண்டு போகிற ஆள் நான்.

"அம்மாகிட்ட இன்னும் சொல்லலக்கா. சிக்கன் சட்டிய நான் கிண்டுறேன்னு தெரிஞ்சா போன வச்சிடுவாங்க" என்றாள் ஒருநாள்.

அவள்மேல் மதிப்பு வந்தது என்று சொல்ல மாட்டேன். கேலி செய்ய இடம் குறைந்தது, அவ்வளவுதான். அவன் விஷயத்தில் இடம் தாராளமாக இருந்தது. அவள் கண் மறைந்தால் உலர்திராட்சை கொடுத்துக்கொண்டிருந்தான். இல்டர்கள் அவன் காலடியில் முதுகை வளைத்துப் பக்கவாட்டில் துள்ளும். அதற்காகத்தான். தன்னைக் கண்டதும் துள்ள இரண்டு சீவன் வேண்டும் அவனுக்கு.

ஈஸ்டர் விடுமுறைக்கு அவனுடைய அலுவலகத்தார் மலையில் ஒரு குடிலுக்கு அழைத்தார்கள். மூன்று நாள் இல்டர்களை நான் பார்ப்பதாக ஒத்துக்கொண்டேன். போவதற்கு முதல் அவள் கீழ்வீட்டைச் சுற்றிக் காட்டினாள். சப்பாத்தெல்லாம் மேல்தட்டில். ரிமோட் ஒரு தகரப்பெட்டிக்குள். சோபாவின் கீழ்ப்பக்கம் பஞ்சு தெரியாமல் பலகை அடித்திருந்தது. காதில் வைக்கும் பஞ்சடைப்பான்கூடப் பூட்டிய மேசை லாச்சியில்.

"இவ்வளவு பவிசு தொட்டில் பிள்ளைக்கும் இல்லை" என்றேன்.

"கடிச்சு முழுங்கிடும்கா. பல்லு ஊசி மாதிரி."

அவர்கள் போன அன்று பின்னேரம், கீழே இறங்கி ஏறுவதற்குப் பஞ்சிப்பட்டு, அந்தச் சோம்பலில் இரண்டையும் மேலே கொண்டுவந்து ஓடவிட்டேன். என் வீட்டில் என்ன றப்பர் இருக்கிறது என்று ஒரு நொடியும் யோசிக்கவில்லை. இரண்டும் சோபாவின் பின்னால் போயின, குளியலறைக்குப் போயின, வந்தன. அவை துள்ளியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதை ஒருவரும் பார்க்கவில்லை என்பதில் ஒரு நிம்மதி.

சனிக்கிழமை வெள்ளை தின்னவில்லை. பல்லை நறநறவென்று கடித்தது. முன்னங்காலால் வாயைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. கொஞ்சம் பச்சையாய் வாந்தியெடுத்தது. எனக்கு உடனே காரணம் தெரிந்துவிட்டது. மலைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"உம்மடை மனுசன் திரும்பவும் முந்திரிகை வத்தல் குடுத்தவரோ எண்டு கேளும்."

அவள் கேட்டாள். அவன் இல்லை என்றான். திரும்பக் கேட்டாள். புறப்படும்போது ரெண்டே ரெண்டு திராட்சை என்றான். பிறகு தொலைபேசியில் எனக்குக் கேட்டதெல்லாம் அவள் குரல். அவ்வளவு சத்தமாக அவள் பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. அவனுடைய அலுவலகத்தார் முன்னாலேயே பேசியிருக்க வேண்டும். மெல்லிய திருப்தியோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலையிலும் தின்னவில்லை. விடுமுறையிலும் திறந்திருக்கும் மிருக வைத்தியசாலை நகரின் மறுபக்கம் இருந்தது. வெள்ளையைத் துணிப்பையில் போட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுரங்க ரயிலில் போனேன். இளம் பெண் வைத்தியர் வயிற்றை இரண்டு விரலால் அழுத்தினார். ஒரு இடத்தில் விரல்கள் நின்றன. படம் எடுத்தார்கள். உடனே வெட்ட வேண்டும் என்றார்கள். மூன்று மணித்தியாலம் ஒரு நாயும் ஒரு முயலும் அவற்றின் ஆட்களும் இருந்த அறையில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு வைத்தியர் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்தார். "குடலில் இது இருந்தது. என்னவென்று தெரியுமா?"

பெருவிரல் நகமளவு நீல றப்பர். மேற்பக்கத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். என் குளியலறைச் செருப்பு. ஒவ்வொரு நாளும் காலில் போடுவது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

"தெரியாது" என்றேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். இடது குதிக்காலில் அரை வட்டமாய்க் கடி. அதன் ஓரத்தில் பல்லுத் தடங்கள், தையல் போட்ட மாதிரி வரிசையாக. செருப்பைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு போய், என் வீட்டுக் குப்பையில் போடாமல், ரயில் நிலையத்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன். நாற்பத்தாறு வயதில், ஒரு செருப்பை ஒளிக்க ஏழு நிமிடம் நடந்தேன். மற்றவர்களை அளந்த கோலால் என்னை அளந்தால் எவ்வளவு வருவேன் என்று அன்றைக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை அவர்கள் வந்தார்கள். நேரே வைத்தியசாலைக்குப் போய், தையல்போட்ட வயிற்றோடு வெள்ளையைக் கொண்டுவந்தார்கள். "றப்பராம்" என்று மட்டும் நான் சொன்னேன். அவன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"நான்தான் ஏதோ கீழ விட்டுட்டேன் போல, மேடம். என் தப்புதான்."

அவன் அதன்பிறகு வேலையிலிருந்து வந்ததும் முழங்காலில் தவழ்ந்து தரையெல்லாம் றப்பர் தேடினான். மூன்று கிழமை தேடினான். கீழ்வீட்டுச் சன்னலூடாக, அவன் பின்புறம் மட்டும் தெரியும்படி அலைவதை நான் பார்த்தேன். அப்படிப் பார்த்து இளக்காரமாக நினைத்ததும் உண்மை. அது என் செருப்பு என்று தெரிந்துகொண்டே நினைத்தேன்.

ஒருநாள் அவள் சட்டியைக் கிண்டிக்கொண்டு நின்றபோது சொல்லிவிட்டேன். "பிள்ளை, அது என்ரை செருப்பு."

அகப்பை நிற்கவில்லை. "தெரியும்கா. டாக்டர் அந்தத் துண்ட டப்பாவோட குடுத்தாங்க. நீலக் கலர்ல எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. நீங்களும் அன்னையிலருந்து வெறுங்கால்ல நடக்குறீங்க."

"பிறகேன் அவரிட்டைச் சொல்லேல்லை?"

"தன் தப்புன்னு நெனச்சதுலருந்து அவரு திராட்சை குடுக்குறதே இல்லக்கா. வீடும் சுத்தமா இருக்கு."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சிரிப்பு அடக்க முடியவில்லை. அதுவரை நான் அவர்கள் இருவரையும் சேர்த்து இகழ்ந்துகொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் நானும் அவளும் சேர்ந்து ஒருவனை இகழ்ந்தோம். அதில் எவ்வளவு ஒற்றுமை இருக்கிறது என்று எனக்கு வியப்பாக இருந்தது.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அவனிடமும் சொன்னேன். அவன் கோபிப்பான், நானும் நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் போனேன். "பரவாயில்ல, மேடம். நோ ப்ராப்ளம்" என்றான். பிறகு என்னை உட்காரவைத்து, இல்டரின் குடல் எவ்வளவு குட்டை, றப்பர் அதில் எப்படி அடைக்கும், அதன் பல் எப்படிப்பட்டது, பால் ஏன் ஆகாது, திராட்சை ஏன் ஆகாது என்று இணையத்தில் படித்ததையெல்லாம் எனக்கு விளக்கினான். அரைமணி நேரம். நான் அவனுக்கு வாசித்துக் காட்டிய கடிதத்தில் இருந்ததும் அதில் அடக்கம். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அரைமணி நேரத்துக்கு நான் தகுதியானவள்தான்.

அடுத்த வருடம் அவர்கள் திராமன் நகரில் சொந்த வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். அவளுக்கு அங்கே ஒரு மிருக உணவுக் கடையில் வேலை கிடைத்திருந்தது. நோர்வே மொழியை அதற்குள் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தாள். இல்டர் வளர்க்கப்போகிறோம் என்று வருகிறவர்களைக் கேள்வி கேட்டே பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிடுவதாகத் தொலைபேசியில் சொன்னாள். "தயிர்சாதம் குடுக்குற மூஞ்சி பாத்தாலே தெரிஞ்சிடுதுக்கா" என்றாள். அவள் குரலில் இருந்த அலட்சியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மண்ணிறம் இன்னும் இரண்டு வருடம் இருந்ததாம், வெள்ளை அதற்குப் பிறகும் கொஞ்ச நாள். மண்ணிறம் போன அன்று அவன் வேலைக்குப் போகாமல் அழுதான் என்றாள். தோட்டத்து மண் உறைந்து கிடந்ததால், கெண்டி கெண்டியாய்ச் சுடுதண்ணீர் ஊற்றி இளக்கித் தோண்டினானாம். இரண்டு கையிலும் கொப்புளம். மச்சத்தைக் கையால் தொடாத மனிதன் அதைத் தானே போர்வையில் சுற்றிக் கொண்டுபோய் வைத்தான் என்றாள்.

"முட்டாள்" என்றேன்.

"ஆமாக்கா" என்றாள். பிறகு, அவன் அதை எந்தப் போர்வையில் சுற்றினான் என்று கேட்டேன்.